வெள்ளைக் கல் அருகே ஓர் இடது கால்

எங்கள் எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. ஆடு காணாமல் போனாலும் ஆள் காணாமல் போனாலும் முதலில் தடம் பார்ப்பவனைத்தான் அனுப்புவார்கள். தடம் வெள்ளைக் கல்லுக்கு இப்பால் முடிந்தால் அது எங்கள் பாடு. கல்லைத் தாண்டிப் போயிருந்தால் அவன் அங்கேயே நின்று கொம்பை மூன்று முறை ஊத வேண்டும். எதிர்ப்பக்கத்துத் தடம் பார்ப்பவன் வருவான். கடைசிக் காலடியைக் காட்ட வேண்டும். அவன் குனிந்து பார்த்து, தன் கோலை அதன் பக்கத்தில் ஊன்றி, "வாங்கிக்கிட்டேன்" என்று சொன்னால் எங்கள் வேலை முடிந்தது. அதிலிருந்து ஒன்பது நாளுக்குள் அவன் ஊர் பதில் சொல்லியாக வேண்டும். காணாமல் போனவனைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கு ஆள் தர வேண்டும்.

கல்லுக்கு இந்தப் பக்கம் தோர்ரால்பா. கிறிஸ்தவர்களுடைய ஊர். அங்கே தடம் பார்ப்பவன் நான், பெயர் ஹினேஸ். அந்தப் பக்கம் அல்குரா. முஸ்லிம்களுடைய ஊர், கிரானாடா சுல்தானின் எல்லையோரக் கோட்டை. அங்கே தடம் பார்ப்பவன் ஃபரஜ்.

என் அப்பாவை அவர்களுடைய ஈட்டி கொன்றது. அவன் அப்பாவை எங்களுடைய அம்பு கொன்றது. இரண்டும் ஒரே கோடையில், ஒரே மதிலடியில். இதைப் பற்றி நானும் அவனும் ஒரே ஒரு தடவை பேசினோம். பேசுவதற்கு அதிகம் இருக்கவில்லை. எங்கள் கோயிலில் பிரசங்கம் செய்கிறவர் இது தேவனுடைய போர் என்பார். அவர்கள் பள்ளிவாசலிலும் அதைத்தான் சொல்கிறார்களாம். பிறகு இரண்டு ராஜாக்களும் களைத்துப்போய் மூன்று வருடச் சமாதானம் எழுதிக்கொள்வார்கள். தேவனும் அந்த மூன்று வருடம் பொறுத்துக்கொள்வார் போலிருக்கிறது.

இருபது வருடத்துக்கு மேலாக நானும் ஃபரஜும் கல்லருகே தடம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். திருட்டு மாடு, ஓடிப்போன அடிமை, தேன்கூடு திருடின பையன்கள். வேலை முடிந்ததும் கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் அத்திப்பழம் கொண்டுவருவான், நான் பாலாடைக்கட்டி.

"பன்னி ஒண்ணும் கலக்கலையே?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"உனக்குக் குடுத்து அத வீணாக்குவேனாய்யா?" என்பேன்.

ஒரு வருடம் கோவேறு கழுதை உதைத்து என் இடது குதிகால் உடைந்தது. வைத்தியன் கட்டியது கோணலாகச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இடது கால் சற்று வெளியே திரும்பித்தான் விழும். முதல் தடவை அப்படி நொண்டிக்கொண்டு கல்லுக்குப் போனபோது ஃபரஜ் என்னைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தான். "யோவ், பாதி மனுசன் பாதி வாத்து ஒண்ணு இந்தப் பக்கம் வந்திருக்கே" என்றான். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஆறு வருடத்துக்கு முன்னால், புனித யோவான் திருநாளுக்கு முந்தைய வாரம், என் மைத்துனன் லோப்பே காணாமல் போனான். என் மனைவி மென்சியாவுக்கு அண்ணன். ஆடு மேய்ப்பவன், நாற்பது வயது, அதிகம் பேசாதவன். ஆடுகள் மட்டும் வீடு திரும்பின. ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. ஆள் போனால் அல்குராக்காரன்தான். உலர்திராட்சை விற்க அன்று சந்தைக்கு வந்திருந்த மூன்று அல்குரா வியாபாரிகளைப் பிடித்துக் கோபுரத்தில் அடைத்தார்கள். அவர்கள் பக்கம் தடத்தை வாங்கிக்கொண்டால் விடுதலை, ஒன்பது நாளில் வாங்காவிட்டால் தூக்கு. அதுவும் வழக்கம்தான். மூவரில் இளையவன் இத்ரீஸ், ஃபரஜின் தம்பி.

என் மாமியார் உராக்கா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ள, எம்புள்ளைய அந்தப் பயலுவ எங்க இழுத்துட்டுப் போனானுவன்னு பாத்துச் சொல்லு. உடம்பாச்சும் எனக்கு வேணும். இல்லாட்டி அந்த மூணு பேரும் வேணும்."

காணாமல் போனவனின் வீட்டிலிருந்து ஓர் ஆண் தடம் பார்ப்பவனுக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி வர வேண்டும், சாட்சிக்கு. லோப்பேயின் தம்பி அந்தோன் வந்தான். தோளில் அவர்களுடைய செத்துப்போன அப்பாவின் குறுக்குவில். மூத்தவன் என்று அது லோப்பேயிடம்தான் இருந்தது. தூங்கும்போதுகூட அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். மண்ணைப் பார்ப்பவனுக்குத் தோளைப் பார்க்கும் பழக்கமில்லை.

லோப்பே தன் கோரைக் கயிற்றுச் செருப்பைத் தானே பின்னிக்கொள்வான். குதிகாலில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சு மண்ணில் கொட்டைபோலப் பதியும். மேய்ச்சல் காட்டிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு போனேன். தடம் எல்லையை நோக்கித்தான் போனது. கல்லுக்கு இருநூறு அடி இருக்கும்போது திரும்பி, பழைய சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் இறங்கியது. அங்கே இன்னொரு கால் வந்து சேர்ந்தது. ஆணி அடித்த பூட்ஸ், வலது பக்கத்தில் மூன்றாவது ஆணி இல்லை. இரண்டு கால்களும் ஓர் இடத்தில் சுற்றிச் சுற்றி மிதித்திருந்தன. பிறகு ஒன்றுதான் நடந்தது. மற்றது இழுபட்டது.

காளவாய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். விளிம்பில் லோப்பேயின் இடது செருப்பு ஒன்று கிடந்தது.

"மச்சான், அங்க என்ன வேல? தடம் நேரா கல்லுக்கில்ல போவுது" என்றான் அந்தோன். ஐம்பது அடி தள்ளி நிற்க வேண்டியவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

நான் திரும்பி அவன் பூட்ஸைப் பார்த்தேன். பிறகு வில்லைப் பார்த்தேன்.

"இதுக்காகவாடா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். "அப்பா எனக்குத்தான்னு சொன்னாரு மச்சான். சாவுறப்போ எங்கிட்ட சொன்னாரு. அவன் சிரிச்சான். கை தவறிடுச்சு."

"கை தவறினா கத்தி மூணு தடவ எறங்குமா?" மண்ணில் மூன்று இடத்தில் ரத்தம் தெறித்த விதத்தை நான் பார்த்திருந்தேன்.

"அம்மாவுக்கு ஏற்கனவே ஒரு புள்ள போச்சு. என்னையும் தூக்குல போட்டா அவ என்ன பண்ணுவா? மென்சியா என்ன பண்ணுவா? நீ மட்டும் கல்லு வரைக்கும் தடத்தக் கொண்டு போயிட்டா போதும் மச்சான். அவனுவ நம்ம ஆள எத்தன பேரக் கொன்னிருக்கானுவ. உங்கப்பாவையே கொன்னானுவல்ல."

யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது எனக்கு நானே காட்டும் மரியாதை. உண்மையில் கணக்குத்தான் போட்டேன். ஃபரஜ் தடத்தை வாங்கிக்கொண்டால் கோபுரத்தில் இருக்கும் மூன்று பேரும் வெளியே வந்துவிடுவார்கள், அவன் தம்பியும்தான். ஒன்பது நாள் தேடி, ஆள் கிடைக்காமல், அல்குராக்காரர்கள் யாரோ ஒருவனைக் கொடுப்பார்கள். யாரோ ஒருவன். பெயர் தெரியாதவனைத் தூக்கில் போடுவது எளிது.

ஓடைக்கரையில், வெள்ளைக் கல்லைத் தாண்டி ஒரு முழத்தில், ஈரக் களிமண் இருந்தது. அதற்கப்புறம் முழுக்கப் பாறை. அதில் தடம் தெரியாமல் போவது இயற்கைதான். லோப்பேயின் செருப்பை என் காலில் மாட்டி, அழுத்தி ஒரே ஒரு தடம் பதித்தேன். வலது செருப்பு குழிக்குள் சுண்ணாம்புக்கு அடியில் இருந்தது. கையில் இருந்தது இடதுதான். வலது கிடைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பேன்.

குதிகால் முடிச்சு அழகாக விழுந்தது. மழை, பனி, நாய் எதுவும் கெடுக்காமல் இருக்க, வழக்கப்படி அதன்மேல் மண்சட்டியைக் கவிழ்த்தேன். கொம்பை மூன்று முறை ஊதினேன். அந்தோன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, துடைக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு ஊரும் கல்லருகே கூடின. எங்கள் பக்கம் கோட்டைத் தலைவர், ஊர்ப் பெரியவர்கள், என் மாமியார். அவர்கள் பக்கம் நீதி சொல்லும் காஜி, நாலைந்து குதிரைக்காரர்கள், முன்னால் ஃபரஜ். நான் சட்டியை எடுத்தேன்.

ஃபரஜ் குந்தி உட்கார்ந்தான். சாதாரணமாக ஒரு தடத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு மூச்சு போதும். அன்று நெடுநேரம் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, சந்தைக் கடையில் நலம் விசாரிப்பதுபோல எங்கள் எல்லைப் பேச்சில் கேட்டான்.

"ஏன்யா ஹினேஸ், குதிகாலு இன்னும் வலிக்குதா?"

நான் எடையை வலது காலுக்கு மாற்றிக்கொண்டேன். சுற்றி நின்ற ஒருவருக்கும் அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"குளிர் காலத்துல வலிக்கும்" என்றேன்.

"ம்" என்றான். கோலை என் தடத்தின் பக்கத்தில் ஊன்றினான். "வாங்கிக்கிட்டேன்."

கோட்டைத் தலைவர் கையசைத்தார். மத்தியானத்துக்குள் திராட்சை வியாபாரிகள் மூன்று பேரும் கல்லைத் தாண்டிப் போனார்கள். இத்ரீஸ் என்னைக் கடந்து போகும்போது தலையசைத்து நன்றி சொன்னான். நான் ஃபரஜைப் பார்த்தேன். அவன் முழங்காலிட்டு, கத்தியால் அந்தக் காலடியைச் சுற்றிக் களிமண்ணை ஆழமாக வெட்டிக்கொண்டிருந்தான். காலடியை அப்படியே ஒரு பாளமாகப் பெயர்த்துப் பலகையில் வைத்து, மேலே சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனான். அன்று கல்லின் மேல் உட்கார்ந்து யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

நண்பன் காப்பாற்றிவிட்டான் என்றுதான் முதல் இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பலகை நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. வீட்டில் உராக்கா லோப்பேயின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுவாள். அந்தோன் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "விடும்மா, அந்தத் துலுக்கப் பயலுவ பதில் சொல்லாமலா போயிடுவானுவ" என்பான். சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டுத் தின்பான். அவனுக்கு நன்றாகவே இறங்கியது. மென்சியா ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரியில் என் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். பெண்களுக்கு மண்ணைப் பார்க்காமலே தடம் தெரிகிறது.

ஒன்பதாம் நாள் மறுபடியும் கல்லருகே கூடினோம். ஃபரஜ் பலகையோடு வந்தான். பக்கத்தில் கை கட்டப்பட்ட ஒருவன். ஒல்லியானவன், ஐம்பது வயதிருக்கும். காலில் செருப்பில்லை.

"யார் இது?" என்றார் கோட்டைத் தலைவர்.

"மைமூன். ஊர்ல கழுத மேய்க்கிறவன்" என்றான் ஃபரஜ். "பொண்டாட்டி புள்ள இல்ல, அண்ணன் தம்பி இல்ல. ஆளுக்கு ஆள் குடுக்கணும்னா இவனத்தான் குடுக்கிறதா எங்க பெரியவங்க முடிவு பண்ணியிருக்காங்க."

அந்த யாரோ ஒருவனுக்குப் பெயர் இருந்தது. அவன் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. கட்டின கையாலேயே ஒரு காய்ந்த ரொட்டித் துண்டைப் பிடித்து மெதுவாகக் கடித்துக்கொண்டிருந்தான். அது முடிவதற்குள் எதுவும் நடந்துவிடாது என்று நினைத்தவன்போல நிதானமாகக் கடித்தான்.

"அப்ப உங்களுக்கு ஆள் கெடைக்கல" என்றார் கோட்டைத் தலைவர்.

"காலு கெடைச்சிருக்கு. யாரோட காலுன்னு நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நான் துலுக்கன். அதனால உங்க ஆளே வாசிக்கட்டும்." பலகையைக் கல்லின் மேல் வைத்துச் சட்டியை எடுத்தான். "வாசிய்யா ஹினேஸ். இந்த எல்லையில உன்ன மாதிரி வாசிக்கிறவன் கெடையாது. நீ என்ன சொல்றியோ அதுக்கு நான் கட்டுப்படுறேன். இந்தக் காஜி முன்னாடி சொல்றேன், நீ 'இது லோப்பே காலு'ன்னு சொன்னா மைமூன கூட்டிட்டுப் போங்க."

களிமண் கல்போலக் காய்ந்திருந்தது. நான் குனிந்தேன். ஒரு வார்த்தை போதும். எங்கள் பக்கத்தில் ஒருத்தனுக்கும் மறுத்துச் சொல்லத் தெரியாது. பின்னால் அந்தோன் மூச்சு விடுவது கேட்டது. முன்னால் மைமூன் ரொட்டி கடிப்பது கேட்டது.

இருபது வருடத்தில் நான் திருட்டுத் தடம் பார்த்திருக்கிறேன், கொலைத் தடம் பார்த்திருக்கிறேன், பார்த்ததைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை. என்னிடம் இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான். வாயைத் திறந்தபோது அதுதான் பேசியது.

"செருப்பு லோப்பேயோடது" என்றேன். "காலு அவனோடது இல்ல. விரலு செருப்போட நுனி வரைக்கும் எட்டல. கால் சின்னது. நடந்து வந்த தடம் இல்ல, நின்னு அழுத்தின தடம். விரலு மண்ணத் தள்ளவே இல்ல." இங்கே நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். ஃபரஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை, தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "குதிகாலு வெளிப்பக்கமா அழுந்தியிருக்கு. என்னைக்கோ ஒடைஞ்சு கோணலா சேந்த காலு. பயந்தவன் காலு."

"யாரு?" என்றார் கோட்டைத் தலைவர்.

"நான்."

உராக்கா கத்தினாள். கோட்டைத் தலைவர் இரும்பு உறை போட்ட கையால் என் வாயில் அடித்தார். இரண்டு பல் போனது. கீழே கிடந்தபடியே காளவாயைப் பற்றிச் சொன்னேன், மூன்றாவது ஆணி இல்லாத பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் அந்தோனைத் திரும்பிப் பார்த்தபோது அங்கே அவன் இல்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே நழுவியிருந்தான். ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மைமூனின் கட்டை ஃபரஜே அவிழ்த்தான். கழுதை மேய்க்கிறவன் மிச்ச ரொட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல், வந்த வழியே நடந்தான்.

அந்தோன் பிறகு என்ன ஆனான் என்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், சின்ன விஷயம்தான். மேலே சுற்றிப் போய் ஓடையைத் தாண்டி அல்குரா வாசலில் விழுந்து, முஸ்லிமாகப் போகிறேன் என்று கதறியிருக்கிறான். வாழ்நாள் முழுக்க அவர்களைப் பார்த்துக் காறித் துப்பியவன். மதம் மாறினவனை எங்களிடம் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். அவர்களில் ஒருவன் ஓடிவந்து ஞானஸ்நானம் வாங்கினால் நாங்களும் கொடுக்க மாட்டோம். ஆனால் பெற்றவள் ஒரு தடவை கல்லருகே வந்து கேட்கலாம். உராக்கா போய்க் கேட்டாள்.

"வீட்டுக்கு வாடா. தூக்குல போட்டாலும் நம்ம வேதத்துல சாவு."

"நான் இப்ப அப்துல்லாம்மா" என்றானாம். வில் அப்போதும் அவன் தோளில்தான் இருந்ததாம்.

அவள் திரும்பி வந்து என்னைப் பார்த்து, "நீ ஒரு பொய்ய ஒழுங்காச் சொல்லியிருந்தா எனக்கு ஒருத்தனாவது மிஞ்சியிருப்பான்" என்றாள். அதற்குப் பிறகு என் வீட்டு வாசற்படியை அவள் மிதிக்கவில்லை. மென்சியா என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறாள், எனக்குச் சமைத்தும் போடுகிறாள்.

என்னைத் தூக்கில் போடவில்லை, வேலையிலிருந்தும் நீக்கவில்லை. கருணை ஒன்றுமில்லை. தடம் வாசிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. அந்தோன் ஓடின மறுநாளே, வீங்கின வாயோடு என்னை அனுப்பினார்கள்.

அந்தத் தடம் பிசகே இல்லாதது. ஆணி அடித்த பூட்ஸ், வலது பக்கம் மூன்றாவது ஆணி இல்லை, விரல்கள் மண்ணை நன்றாகத் தள்ளியிருந்தன. காட்டுக்குள் ஏறி, சுற்றி, கல்லுக்கு மேற்கே ஓடையில் இறங்கி, மறுகரையில் ஏறியது. கடைசிக் காலடியின் மேல் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கொம்பு ஊதினேன்.

ஃபரஜ் வந்தான். நான் மடியில் பாலாடைக்கட்டி கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை, பழக்கம். சட்டியை எடுத்தேன். அவன் குனியவில்லை.

"நீ நட" என்றான்.

"என்னய்யா?"

"இந்தத் தடத்துக்குப் பக்கத்துல பத்து அடி நட. பாக்கணும்."

நடந்தேன். வெயிலில், ஈர மண்ணில், பத்து அடி. ஒவ்வொரு அடிக்கும் இடது கால் வெளியே திரும்பி விழுவது எனக்கே கேட்டது. அவன் கோலோடு என் பின்னாலேயே வந்து, என் காலடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தான். பிறகு அந்தோனுடையதைப் பார்த்தான். மறுபடியும் என்னுடையதைப் பார்த்தான்.

"சரி. வாங்கிக்கிட்டேன்."

"ஃபரஜ்" என்றேன். அவன் நின்றான். சொல்ல வேண்டியதை எல்லாம் வழியில் சேர்த்துவைத்திருந்தேன். "பன்னி கலக்கல" என்றேன், கட்டியை நீட்டி.

அவன் அதை வாங்கிக்கொண்டான். கல்லின் மேல் உட்காராமல், கையில் பிடித்தபடியே போய்விட்டான்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. சமாதானம் முறிந்து மறுபடியும் எழுதப்பட்டது. இன்றும் நாங்கள் கல்லருகே சந்திக்கிறோம், மாடும் அடிமையும் தேன்கூடும் கொடுத்து வாங்குகிறோம். அவன் அத்திப்பழம்கூடக் கொண்டுவருகிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் சட்டியை எடுப்பதற்கு முன்னால் அவன், "நீ நட" என்கிறான். நான் நடக்கிறேன்.